தூக்கிப் போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவன் பாடு எப்போதும் கஷ்டம்தான். பாயசம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பிராசஸரைப் பற்றிப் பேசுகிறவன் பாடு கேட்கவே வேண்டாம். செயலாளர் அண்ணன் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டில் முடித்துவிடுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேற்பட்டவைதான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படும். டி.பி.எம். 2.0-வும் இருக்க வேண்டும். விளைவு? நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்கள் எடைக்குப் போகின்றன. நம் துறை லேபிலும் நாற்பது மெஷின் அடுத்த கழிவுப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறது. புது மெஷின் வாங்கச் சங்கம் நிதி திரட்டுகிறது. நானும் கொடுக்கப் போகிறேன். கொடுக்கும் முன் ஒரு கணக்குப் பார்ப்போம் என்பதுதான் என் பேச்சு.

1990-களில் படித்த அண்ணன்மார்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. 486 மெஷினுக்கு ஓவர்டிரைவ் சிப் வாங்கிப் போட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். சாக்கெட் 7 போர்டில் இன்டெல் பென்டியம், ஏ.எம்.டி. கே6, சைரிக்ஸ் என்று மூன்று கம்பெனி சிப்பும் உட்கார்ந்த காலம் அது. மெஷின் என்றால் மாற்றி மாற்றி வளர்ப்பது என்றிருந்தது, இடையில் மறந்துவிட்டோம்.

முதல் விஷயம். மெஷின் மெதுவாக இருக்கிறது என்றவுடனே பிராசஸரைக் குற்றம் சொல்லக் கூடாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் சிக்கல் சுற்றுகிற ஹார்டு டிஸ்கில். ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள். மெமரி நிரம்பி வழிகிறதா? ராம் போதவில்லை. இரண்டும் சும்மா இருக்க, சி.பி.யூ. மட்டும் 100-ல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பிராசஸரைப் பற்றி யோசிக்க வேண்டும். நம் ஊரில் மொத்தப் பெட்டியையுமே சி.பி.யூ. என்றுதான் சொல்கிறோம். நான் சொல்வது உள்ளே இருக்கிற சின்னச் சதுரத்தை.

இரண்டாவது, சாக்கெட். பெண் பார்க்கப் போவதற்கு முன் ஜாதகம் பார்க்கிற மாதிரி இது. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் போர்டின் பெயர், சிப்செட், சாக்கெட் மூன்றையும் காட்டும். பிறகு போர்டு தயாரித்த கம்பெனி வெளியிட்ட பட்டியலில், நீங்கள் வாங்க நினைக்கும் பிராசஸரின் பெயர் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்று பாருங்கள். துளை எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எல்.ஜி.ஏ. 1151 என்ற ஒரே பெயரில் 2015-ல் வந்த 6-ஆம் தலைமுறையும் இருக்கிறது, 2017 இறுதியில் வந்த 8-ஆம் தலைமுறையும் இருக்கிறது. பழைய 100, 200 வரிசை போர்டில் 8-ஆம் தலைமுறையை வைத்தால் உட்காரும், ஆனால் ஓடாது.

நம் லேபையே எடுத்துக்கொள்வோம். நாற்பதும் எச்61 போர்டு, எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட், உள்ளே ஐ3-2100. இரண்டு கோர், 3.1 கிகாஹெர்ட்ஸ். இதே போர்டில், பயாஸ் பட்டியல் அனுமதித்தால், 2012-ல் வந்த 3-ஆம் தலைமுறை ஐ5-3470 உட்காரும். நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். "என்னப்பா இது, 3.1-க்கும் 3.2-க்கும் என்ன வித்தியாசம்?" அப்படீன்னு கேட்பீங்க. அடுப்புச் சூட்டில் வித்தியாசம் இல்லை, அடுப்பின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஐ3-யில் இரண்டு அடுப்பு. ஹைப்பர் த்ரெடிங் என்பது ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது. கொஞ்சம் லாபம் உண்டு, ஆனால் அது நான்கு அடுப்பு ஆகாது. ப்ரோகிராம் கம்பைல் பண்ணுவது, சிமுலேஷன் ஓட்டுவது, வீடியோ மாற்றுவது, இப்படி வேலையைப் பங்கு பிரிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு நான்கு அடுப்பு பெரிய வித்தியாசம். வெறும் டைப் அடிப்பதற்கு ஒன்றும் தெரியாது.

வாங்கும்போது கவனம். பழைய சிப்புகள் புதிதாகக் கிடைக்காது. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்க வேண்டும். சிப்பில் பொறித்திருக்கிற எழுத்தைக் கடைசி வரை படியுங்கள். ஐ5-3470 நான்கு கோர். அதே எண்ணுக்குப் பின்னால் "டி" என்று ஒரு எழுத்து இருந்தால், அது இரண்டே கோர் உள்ள 35 வாட் சிப். பெயர் ஐ5, உள்ளே பார்த்தால் கிட்டத்தட்ட உங்களிடம் இருக்கிற ஐ3. அதேபோல "கே" என்ற எழுத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அது ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு. எச்61 போர்டில் அந்த வசதியே கிடையாது. இன்னொன்று, அந்தச் சாக்கெட்டின் உச்சத்தில் இருக்கிற சிப்பைத்தான் எல்லோரும் தேடுவார்கள், அதனால் விலை இறங்காது. ஒரு படி கீழே வாங்குங்கள், பாதிக் காசு மிச்சம் ஆகலாம்.

மூன்றாவது, மாற்றுகிற முறை. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிவிட வேண்டும். புதுச் சிப்பைப் போட்ட பிறகு பண்ணலாம் என்றால் மெஷின் ஆன் ஆகவே மாட்டேன் என்கும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும், ஆகவே யூ.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். பிறகு ஹீட் சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். இன்டெல் போர்டில் முள் சாக்கெட்டில் இருக்கும், விரல் படக் கூடாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4-ல் முள் சிப்பிலேயே இருக்கும். ஹீட் சிங்க்கை நேராக இழுத்தால் சிப்பும் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகத் திருகி எடுங்கள். ஐ3-2100 65 வாட், ஐ5-3470 77 வாட். ஆகவே ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ். ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சொல்ல வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. 1155 சாக்கெட்டில் எந்தச் சிப்பைப் போட்டாலும் அது விண்டோஸ் 11 பட்டியலுக்குள் வராது. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது 2017-ல் வாங்கிய ரைசன் 3 1200 என்றால் கதையே வேறு. அந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2022-ல் கூட ரைசன் 5 5600 வந்தது. ஆறு கோர், அதே 65 வாட். பழைய பி350, ஏ320 போர்டுகள் பலவற்றுக்கும் அதற்கான பயாஸ் வந்துவிட்டது. ஒரே ஒரு சிப்பை மாற்றினால், பட்டியலுக்கு வெளியே நின்ற மெஷின் உள்ளே வந்துவிடும். இரண்டு சிப்பிலுமே கிராபிக்ஸ் கிடையாது, உங்களிடம் இருக்கிற கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிடாதீர்கள்.

அப்போ நம் லேபின் எச்61 மெஷின்களுக்கு என்ன வழி? லினக்ஸ். உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டால் பாதுகாப்பு அப்டேட்டும் வரும், முதலாண்டு மாணவர்களுக்கு வேண்டிய சி, பைத்தான் எல்லாம் அதில் இலவசமாகவே ஓடும். விண்டோஸ் 11 இல்லாமல் ஓடாத டிசைன் மென்பொருளுக்கு மட்டும் புது மெஷின் வேண்டும். இதை நான் மறைக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் நம் கல்லூரி மூன்றாமாண்டு மாணவி ஒருவர் என்னிடம் பேசினார். வீட்டில் முதல் பட்டதாரி. சொந்தக்காரர் கொடுத்த பழைய டெஸ்க்டாப், உள்ளே பென்டியம் ஜி620, 4 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க். கடையில் "இது தேறாதும்மா, புதுசு வாங்கு" என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணா, அப்பாவிடம் எப்படிக் கேட்கிறது?" என்றார். முதல் மாதம் எஸ்.எஸ்.டி.யும் ராமும், இரண்டு மாதம் கழித்துச் செகண்ட் ஹேண்ட் ஐ5. பயாஸ் அப்டேட் முதல் பேஸ்ட் வைத்தது வரை அவரே செய்தார், நான் போனில் கூட இருந்தேன், அவ்வளவுதான். ப்ராஜெக்ட் வேலையை இப்போது அதில்தான் செய்கிறார். அப்பாவிடம் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

லேப் ஐந்து மணிக்கு மூடுகிறது. அதன்பின் கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் இந்த வளாகத்தில் எத்தனை பேர் என்று நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே என் கோரிக்கை இது. நாற்பதையும் எடைக்குப் போடும் முன் ஒவ்வொன்றையும் திறந்து சோதிப்போம். தேறுகிறவற்றில் இருபதுக்கு எஸ்.எஸ்.டி.யும் ராமும் மட்டும் போட்டு முதலாண்டு லேபுக்கு வைப்போம். பத்துக்கு ஐ5-ம் சேர்த்துப் போட்டு, வீட்டில் மெஷின் இல்லாத மாணவர்களுக்கு ஓராண்டு இரவலாகக் கொடுப்போம். மிச்சம் பத்து, உதிரி பாகத்துக்கு. நான் விசாரித்த வரையில், ஒரு புது மெஷின் விலையில் மூன்றையாவது இப்படித் தேற்றலாம். மிஞ்சுகிற நிதியில் டிசைன் லேபுக்குப் புது மெஷின்கள் வாங்குவோம். செலவு தேற்றலுக்கு மேலே போனால், அதாவது போர்டும் போய், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போய் என்று வந்தால், அந்த மெஷினை விட்டுவிட வேண்டியதுதான். அதில் பிடிவாதம் வேண்டாம்.

கல்லூரிச் சொத்தை மாணவர் வீட்டுக்குக் கொடுக்க முதல்வர் ஐயாவின் அனுமதி வேண்டும். அதை இந்த மேடையிலேயே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கழற்றவும் மாட்டவும் கை வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். என் வகுப்பு நண்பர்கள் ஆறு பேர் இப்போதே தலையாட்டிவிட்டார்கள். தம்பி தங்கைகள் வந்தால் இன்னும் நல்லது, பாடத்தில் படித்ததைக் கையில் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் மூலையில் துணி மூடிக் கிடக்கிற டெஸ்க்டாப் வைத்திருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும், போர்டின் பெயரை ஒரு தாளில் எழுதி, போகும்போது வாசல் மேஜையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.