ஆட்டக்காரர் மாற்றும் அணியின் காலக் கணக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளும் சிலம்பும் பேசப்படும் மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். 2025 நவம்பர் 15 ஆம் நாளுக்குப் பின் கழக்கூட்டத்தில் நம் குடியிருப்பு வீடுகளில் எழுந்த வாக்குவாதங்களைக் காதால் கேட்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அன்றுதான் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்து வீரர் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. சஞ்சு இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், விழிஞ்ஞத்தை அடுத்த கடற்கரையூரில் பிறந்தவர். பிழைக்க வந்த மண்ணின் பிள்ளை, பிறந்த மண்ணின் அணிக்கு வருகிறார் என்று மகிழ்ந்தோர் ஒருபுறம். பன்னிரண்டு பருவம் உழைத்தவரைத் தள்ளிவிட்டார்களே என்று வெதும்பினோர் மறுபுறம். ஒரே வீட்டில் தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. மலையாள அண்டை வீட்டாரோ, எங்கள் பையனைத் தமிழர் கொண்டுபோய்விட்டீர்கள் என்று நகைத்தார்கள்.

இவ்வழக்கில் இரு கட்சியாரும் கேட்கும் கேள்வி, ஜடேஜா பெரியவரா, சஞ்சு பெரியவரா என்பதே. அக்கேள்விக்கு விடை கண்டுவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆட்டக்காரரை மாற்றும்போது கைமாறுவது திறமை மட்டும் அன்று. அவருடைய ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள ஆண்டுகளும் கைமாறுகின்றன. அந்த ஆண்டுகள், அணி மீண்டும் எழுவதற்கு வேண்டிய ஆண்டுகளோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே முதற் கணக்கு.

இத்தகைய மாற்று வாணிபம் நம் நாட்டுக்குப் புதிது. இதில் நெடுங்காலம் பழகியவர்கள் வட அமெரிக்காவில் பனித்தரையில் ஹாக்கி ஆடுவோர். அங்கே ஏலம் கிடையாது. இளைஞர்களை அணிகள் வரிசை முறைப்படி தேர்ந்தெடுக்கின்றன. வரும் ஆண்டுகளின் தேர்வு உரிமையைக்கூட ஒரு அணி மற்றோர் அணிக்குக் கொடுத்து வாங்கலாம். கனடாவில் வாழும் என் மைத்துனர் மகன் வாயிலாக இவற்றைக் கேட்டறிந்து, பின்னர் நானும் தேடிப் படித்தேன். அவற்றுள் இரண்டு கதைகளைச் சொல்கிறேன். நம் வழக்குக்கு அவை பயன்படும்.

கனடாவின் கியூபெக் நகர அணி 1991 இல், எரிக் லிண்ட்ராஸ் என்னும் இளைஞரை அவ்வாண்டின் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவரோ கியூபெக்குக்கு ஆடமாட்டேன் என்று கையொப்பமிட மறுத்துவிட்டார். அணியின் கையில் இருந்தது ஆட்டக்காரர் அல்லர். நாளுக்கு நாள் தேயும் ஓர் உரிமை மட்டுமே. குறித்த காலத்துக்குள் கையொப்பம் பெறாவிடில் அதுவும் போய்விடும். ஓராண்டு பொறுத்திருந்து, 1992 ஜூன் மாதத்தில் விற்க முற்பட்டபோது, பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய இரு அணிகளும் தமக்கே கொடுத்ததாக வழக்காடின. நடுவர் ஒருவர் விசாரித்துப் பிலடெல்பியாவுக்கே உரியவர் என்று தீர்ப்பளித்தார். அவ்வொருவருக்கு ஈடாகக் கியூபெக் பெற்றது என்ன தெரியுமா? ஆட்டக்காரர் ஆறு பேர், இரண்டு முதற்சுற்றுத் தேர்வு உரிமைகள், அவற்றோடு ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கம். அந்த அறுவரில் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு இளைஞர். தேர்வு உரிமைகளுள் ஒன்றால் 1993 இல் கிடைத்த இளம் காவலாளர், 1995 டிசம்பரில் மான்ட்ரியல் அணியின் புகழ்பெற்ற காவலாளர் பாட்ரிக் ரூவாவைப் பெறுவதற்குக் கொடுத்த பொருள்களில் ஒன்றானார். 1996 இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது.

ஆனால் கோப்பை கியூபெக்குக்கு வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அணியை விற்று, அமெரிக்காவின் டென்வர் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல ஆண்டு தோல்வியைத் தாங்கிக்கொண்டு இருக்கையில் அமர்ந்திருந்தவர்கள் ஓர் ஊரார். வெற்றியைக் கண்டவர்கள் வேறோர் ஊரார். அணியை மீண்டும் கட்டுகிறோம், பொறுத்திருங்கள் என்று உரிமையாளர் கூறும்போதெல்லாம் எனக்கு அந்தக் கியூபெக் மக்களின் நினைவு வருகிறது.

இரண்டாவது கதை நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியினது. அதன் தலைவர் ஜான் டவாரஸின் ஒப்பந்தம் 2018 ஜூன் இறுதியில் முடிவதாக இருந்தது. பருவத்தின் நடுவிலேயே அவரை மாற்றிவிட்டால் ஏதேனும் பெறலாம். மாற்றாவிடில், அவர் போக நினைத்தால் ஒன்றும் கிடையாது. அணி அவரை வைத்துக்கொண்டது. ஜூலை முதல் நாள் அவர் டொரன்டோ அணியில் சேர்ந்தார். ஐலண்டர்ஸ் வெறுங்கையோடு நின்றது. பெரும் பிழை என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு நடந்ததோ வேறு. அவர் இல்லாத ஐலண்டர்ஸ் இறுதிக்கட்டப் போட்டிகளின் முதற் சுற்றை வென்றது. அவர் சேர்ந்த டொரன்டோ முதற் சுற்றிலேயே தோற்றது. அதற்காக, வைத்துக்கொண்டதே அறிவுடைமை என்று ஆகிவிடுமா? ஆகாது. சீட்டில்லாமல் பயணம் செய்தவனைப் பரிசோதகர் பிடிக்கவில்லை என்பதால் அவன் சீட்டு வாங்கியவன் ஆகிவிடுவதில்லை. முடிவெடுத்த நாளில் கையில் என்ன இருந்தது என்பதை வைத்தே ஒரு மாற்றை மதிப்பிட வேண்டும். ஆகவே, இந்த மாற்றத்துக்குப் பின் எவர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்ற கணக்கை நான் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

நிற்க. இனி நம் வழக்குக்கு வருவோம்.

2025 பருவத்தில் சென்னை அணி 14 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்று கடைசி இடத்தில் நின்றது. ஐந்து முறை கோப்பை வென்ற அணி பட்டியலின் அடியில் நின்றது அதுவே முதல் முறை. ராஜஸ்தானும் அதே 4 வெற்றிகளோடு அதற்கு ஓர் இடம் மேலே இருந்தது. விழுந்து கிடந்த இருவர் ஒருவர் கையை ஒருவர் பற்றி எழ முயன்ற மாற்று இது. ஜடேஜா, சஞ்சு இருவரையும் அவரவர் அணி 18 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்திருந்தது. இருவரும் 2025 முதல் 2027 வரையிலான மூன்று பருவச் சுழற்சிக்குள் இருந்தார்கள். இருவருக்கும் எஞ்சியவை இரண்டு பருவங்கள். ஆனால் ஒரே இரண்டு பருவம் இருவருக்கும் ஒரே அளவு அன்று. 2027 பருவம் நடக்கையில் ஜடேஜாவுக்கு 38 வயது, சஞ்சுவுக்கு 32. இந்த ஆறு வயது வேறுபாட்டுக்குத்தான் சென்னை கரனையும் சேர்த்துக் கொடுத்தது.

இவர்கள் இருவருடைய பழைய ஏடுகளைப் புரட்டினால் வியப்பான ஒற்றுமை ஒன்று தெரிகிறது. 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்களில் சென்னை, ராஜஸ்தான் இரு அணிகளும் விலக்கிவைக்கப்பட்டிருந்தன. அவ்விரண்டு ஆண்டும் ஜடேஜா குஜராத்துக்கும் சஞ்சு டெல்லிக்கும் ஆடி, 2018 இல் இருவரும் தத்தம் பழைய வீட்டுக்கே திரும்பினார்கள். ஜடேஜாவின் முதல் வீடு ராஜஸ்தான்தான். 2008 இல் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். அந்த அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு பேரம் பேசினார் என்று 2010 பருவம் முழுவதும் அவருக்குத் தடை விதித்தார்கள். 2011 இல், ஒரே ஒரு பருவம் வாழ்ந்து மறைந்த கொச்சி அணிக்கு ஆடினார். ஆகவே, கேரளம் அவருக்கும் அந்நியம் அன்று. ஒருகாலத்தில் தண்டனைக்கு உரியதாக இருந்த இடமாற்ற விருப்பத்தை, இப்போது விதிகளே மாற்று என்ற பெயரில் அனுமதிக்கின்றன. ஆட்டக்காரர் இசையாமல் மாற்றுச் செல்லாது என்பதும் விதி.

அந்த இசைவுக்கு ஒரு விலை உண்டு. நான் ரயில்வேயில் எழுத்தர். எங்களிடமும் பரஸ்பர மாறுதல் என்று ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பவர் மதுரைக் கோட்டத்துக்குப் போக விரும்பினால், அங்கே அதே தரத்தில் இருந்துகொண்டு இங்கு வர விரும்பும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். மாறிய பின் முதுநிலை எங்கே நிற்கும்? தம்முடைய பழைய முதுநிலை ஒன்று, எவர் இடத்துக்குப் போகிறாரோ அவருடைய முதுநிலை ஒன்று. இவ்விரண்டில் எது தாழ்ந்ததோ அதுவே கிடைக்கும். துணை கிடைக்காமல் தனியே விருப்ப மாறுதல் பெற்றால், அத்தரத்தின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதற்காகப் பத்தாண்டு முதுநிலையைக் கைவிட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. சஞ்சுவுக்கு ஊதியம் குறையவில்லை. ஆனால் 2021 முதல் ராஜஸ்தானில் தலைவராக இருந்தவர், ருதுராஜ் கெய்க்வாட் தலைமையில் ஆட வந்தார். கோடிகளை நம் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுகிறானே என்று சிரிக்கிறீர்கள். தொகை வேறுதான், இருப்பினும் போகிறவரே இழப்பையும் சுமக்க வேண்டும் என்ற விதி அங்கும் இங்கும் ஒன்றுதான்.

ஜடேஜாவை விற்றது நன்றிகெட்ட செயல் என்போருக்கு என் விடை இது. 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரை எவரும் மறக்க முடியாது. அந்த நன்றியைச் செலுத்தும் வகை, அவரை இசைவின்றி அனுப்பாமல் இருப்பதும், ஆட்டம் எஞ்சியிருக்கும்போதே தக்க இடத்துக்கு அனுப்புவதுமாகும். ஆடமுடியாத வயது வரும்வரை வைத்திருந்து பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது நன்றி ஆகாது. அவருடைய நான்கு கோடி குறைந்ததே, அதுமட்டும் எனக்கு உறுத்துகிறது.

அப்படியானால் சென்னை செய்தது முற்றும் சரியா? இங்கேதான் பனித்தரை ஹாக்கிக்கும் நம் கிரிக்கெட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு ஈடாகத் தேர்வு உரிமை போன்ற பொருள் ஏதும் கிடைக்காமல் போகலாம். இங்கே ஒருவரை விடுவித்தால் அவருக்குரிய தொகை அணியின் ஏலப் பைக்குத் திரும்பிவிடுகிறது. 2026 பருவத்துக்கு ஓர் அணியின் மொத்த வரம்பு 125 கோடி. ஆகவே, 18 கோடியைக் கையில் வைத்துக்கொண்டு ஏலத்தில் சஞ்சுவுக்கு நிகரான ஒருவரை வாங்கமுடியுமா என்பதே கேள்வி. தொடக்க வரிசையில் இறங்கி விக்கெட் காப்பையும் செய்யும் இந்தியர், ஆண்டிடைச் சிற்றேலத்தில் எளிதாக வருவதில்லை. விலையோ நாளுக்கு ஒரு வண்ணம். 2022 டிசம்பரில் 18 கோடியே 50 லட்சத்துக்குப் போன கரன், 2024 நவம்பரில் 2 கோடியே 40 லட்சத்துக்குத்தான் சென்னைக்குக் கிடைத்தார். சென்னை விடுவித்த பதிரானா, அடுத்த ஏலத்தில் கொல்கத்தாவுக்கு 18 கோடிக்குப் போனார். சென்னை அவருக்குக் கொடுத்துவந்தது 13 கோடி. எனவே, சஞ்சுவை மாற்றின் வழியே பெற்றதில் நான் குறை காணவில்லை. காரியவட்டம் மைதானத்தில் நடக்கும் கேரள லீக்கிலேயே, 2025 இல் கொச்சி அணி தன் 50 லட்ச வரம்பில் 26 லட்சத்து 80 ஆயிரத்தை அவர் ஒருவருக்குக் கொடுத்துக் கோப்பையையும் வென்றதை நம் சிறுவர்கள் நடந்தே போய்ப் பார்த்தார்கள்.

நான் குறை காண்பது அதற்கு அடுத்த படியில். 2025 டிசம்பர் 16 ஆம் நாள் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு இளைஞர்களைத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்துச் சென்னை வாங்கியது. பிரசாந்த் வீருக்கு வயது 20. கார்த்திக் சர்மாவுக்கு 19. இளைஞர்களை வாங்கியது தவறன்று. ஆனால் கியூபெக் அணி ஃபோர்ஸ்பெர்க்கைப் பெற்று நான்காண்டு காத்திருந்தது. நம் சுழற்சியில் எஞ்சியிருந்தவை இரண்டே பருவங்கள். அதன்பின் பேரேலம். 2024 இல் நடந்த பேரேலத்துக்கு முன் ஓர் அணி தன்னிடம் இருத்திக்கொள்ள முடிந்தவர்கள், ஏலத்தில் திரும்பப் பெறும் உரிமையையும் சேர்த்து, ஆறு பேர் மட்டுமே. நாற்று நட்டவன் கதிர் வருமுன் குத்தகை முடிந்துவிடும் நிலம் அது. சஞ்சுவை வாங்கியபோது இரண்டாண்டுக் கணக்கைப் போட்ட சென்னை, ஒரு மாதம் கழித்து ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டது. ஒரு பேரேட்டில் இரண்டு கணக்குகள்.

வீர் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர், மட்டையும் பிடிப்பார். ஜடேஜா விட்டுச்சென்ற நாற்காலி அவருக்குக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். கார்த்திக் சர்மா விக்கெட் காப்பாளர். அதே பணிக்குத்தான் சஞ்சுவை வாங்கியிருந்தார்கள். 44 வயதான தோனியையும் 2026 பருவத்துக்குத் தக்கவைத்திருந்தார்கள். ஒரு நிலையத்துக்கு மூன்று நிலைய அதிகாரிகளை நியமித்தால் கொடி காட்டுபவர் யார் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்பார்கள். முன்வரிசைச் சிறுவர்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சிற்றுண்டி நேரத்தில் அவர்கள் என்னோடு வழக்காடலாம்; காத்திருக்கிறேன்.