துருவும் களிம்பும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் வளர்ச்சியைப் பேசுவது மரபு. எனக்குத் தரப்பட்ட தலைப்போ சிதைவின் அழகு. ஓவியரும் ஒளிப்படக் கலைஞரும் துருவை நாடிச் செல்வது ஏன் என்ற வினாவுக்கு விடை தேட நாம் தஞ்சையைத் தாண்ட வேண்டியதில்லை.

கீழவாசல் பீரங்கி மேட்டில், நாயக்கர் காலத்துப் பீரங்கி ஒன்று வானம் பார்த்துக் கிடக்கிறது. நீளம் சுமார் 25 அடி. எடை 22 டன் என்பர். வார்த்தெடுத்ததன்று, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைப் பூட்டி, காய்ச்சி அடித்து இணைத்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டு மழையிலும் வெயிலிலும் அது கரைந்துவிடவில்லை. மேலே படிந்த துருவே இறுகிப் போர்வையாகி உள்ளிரும்பைக் காக்கிறது. காலைச் சாய்வெயிலில் பாருங்கள். வளையத்துக்கு வளையம் நிறம் மாறும். உச்சி வெயிலில் அந்த நுட்பமெல்லாம் மறைந்துவிடும். படமெடுப்போர் விடியலில் வருவது அதனால்தான்.

செம்பின் களிம்பை நம் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை ஆக்கியது. உடன்பிறந்த மாசு என்றது. ஆயினும் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த ரிஷபவாகனர் முன் நின்றால் மனம் வேறொன்று சொல்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்திருமேனி இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. விடை இல்லை, விடைமேல் ஊன்றிய கை மட்டும் வெறுவெளியில் தங்கியிருக்கிறது. இல்லாத காளையை நம் கண்ணே வார்த்துக்கொள்கிறது. சொல்லாமல் விட்டதைச் சொல்லவைப்பது கவிதையின் வேலையும் அன்றோ?

ஒளிப்படத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். கல் அன்று எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அழகாகவும் இருக்கிறது; ஆவணமாகவும் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 1830களில் எழுந்த அணை அது. அதன் முதுமையை முந்தின நாள் ஒருவர் படமெடுத்திருந்தால் நாம் வியந்திருப்போம். மறுநாள் காவிரிக்குரிய நீர் வீணாகுமோ என்று கடைமடை உழவர் கலங்கினர். மதகின் துருவை உழவர் அழகென்று பார்ப்பதில்லை; பார்க்கவும் முடியாது.

ஆகவே துரு இருவகை என்பேன்: காக்கும் துரு, தின்னும் துரு. பீரங்கி தன் பணியை முடித்துவிட்டது. அதன் முதுமையை நாம் நுகரலாம். அணைக்குப் பணி முடியவில்லை; அதன் முதுமையைப் பாடுவது புறக்கணிப்புக்குத் துணைபோவதாகும். உடைந்த ஓட்டு வீட்டை எழுதும் கவிஞர், அதற்குள் இன்னும் ஆள் குடியிருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்க்க வேண்டும். குடியிருந்தால், மழை ஒழுகும் இடத்தையும் கவிதை காட்டட்டும்.