ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும்



பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் குவாண்டம் எண்களைக் கொண்டு எலக்ட்ரான்களின் ஆற்றலை ஒப்பிடும் கணக்கு எளிதானது. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்ட வேண்டும். தொகை குறைந்தால் ஆற்றல் குறைவு. தொகை சமமானால், முதன்மை எண் சிறியதற்கு ஆற்றல் குறைவு. 3பி-க்கு 3+1=4; 4எஸ்-க்கு 4+0=4; 3டி-க்கு 3+2=5; 4பி-க்கு 4+1=5. ஆகவே வரிசை 3பி, 4எஸ், 3டி, 4பி. வெளிக் காந்தப்புலம் இல்லாதபோது, காந்தக் குவாண்டம் எண்ணுக்கும் தற்சுழற்சிக் குவாண்டம் எண்ணுக்கும் இந்த ஒப்பீட்டில் வேலையில்லை.

இப்படித்தான் பல ஆண்டுகள் நடத்தினேன். ஒரு நாள் கஞ்சமலைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "டீச்சர், 4எஸ்-க்கு ஆற்றல் குறைவுன்னா, இரும்பு அயனியாகும்போது 3டி எலக்ட்ரான்தானே முதல்ல போகணும்? 4எஸ் போகுதே, ஏனுங்க?"

"தேர்வுக்கு அது வராது, உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அந்தப் பாடம் முடியும்வரை கேள்வியே கேட்கவில்லை. எனக்கு விடை தெரியாததுதான் உண்மை.

தேடிப் படித்த பிறகு புரிந்தது. நாம் கற்பிக்கும் விதி, நடுநிலை அணுக்களில் எலக்ட்ரான்கள் நிரம்பும் வரிசையைச் சொல்கிறது. எல்லா அணுவுக்கும் எல்லா அயனிக்கும் பொருந்தும் ஆற்றல் பட்டியல் அல்ல. பொட்டாசியம், கால்சியத்தில் 4எஸ் தாழ்வானது. ஸ்காண்டியத்திலிருந்து உட்கருவின் ஈர்ப்பு கூடக்கூட 3டி கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் 3டி சிறிய இடம். அங்கே எலக்ட்ரான்கள் நெருங்கினால் விலக்கம் அதிகம். எனவே இரும்பில் இரண்டு எலக்ட்ரான்கள் 4எஸ்-இல் இருக்கும்போதுதான் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது. அயனியாகும்போது வெளியே உள்ள அந்த இரண்டும் முதலில் போகின்றன. இரும்பின் அமைப்பு 3டி6 4எஸ்2. இரண்டை இழந்தால் 3டி6, மூன்றை இழந்தால் 3டி5. பேருந்தில் ஏறும் வரிசை வேறு, இறங்கும் வரிசை வேறு என்று தொடக்கநிலை ஆசிரியர்களும் புரிந்துகொள்ளலாம்.

ஹைட்ரஜனில் இந்தக் கூட்டலே தேவையில்லை. அங்கே ஒரே எலக்ட்ரான். முதன்மை எண் மட்டுமே ஆற்றலைத் தீர்மானிக்கிறது. 3எஸ், 3பி, 3டி மூன்றும் சமம். குரோமியமும் (3டி5 4எஸ்1) தாமிரமும் (3டி10 4எஸ்1) விதிக்கு விலக்கு.

மறு வாரம் அந்த மாணவியை அழைத்து, "உன் கேள்விதான் சரி, நான் சொன்னது தவறு" என்று வகுப்பின் முன் சொன்னேன். அவள் ஊர் மலையில் கிடைக்கும் மேக்னடைட் கல்லையே எடுத்துக்காட்டாக வைத்தேன். அதில் இரும்பு இரண்டு நேர்மின்சுமையுடன் ஒரு பங்கும், மூன்று நேர்மின்சுமையுடன் இரண்டு பங்கும் உள்ளது. காந்தத்தைக் கொண்டுபோனதும் ஒட்டிக்கொண்டது. வகுப்பே சுற்றி நின்றது.

விதியைக் கற்பிக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுவோம். விடை தெரியாவிட்டால், "நாளை தேடி வருகிறேன்" என்று சொல்வோம். உட்கார் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.