பாதி அப்பனுடைய கொடி



நம்ம கீழ்பென்னாத்தூர் பக்கம் பசு கன்று போட்டால், இளங்கொடியை வைக்கோலோடு சேர்த்துக் கோணியில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். மாட்டுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை மனுஷியின் நஞ்சுக்கொடிக்கு இல்லை. பிரசவம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் மஞ்சள் பையில் போட்டுக் கழிவோடு அனுப்பிவிடுகிறோம்.

அந்தக் கொடியில் பாதி அப்பனுடைய சொத்து. தாயின் உடம்புக்கு அது அந்நியம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் காலமெல்லாம் மாத்திரை விழுங்குகிறார். மாத்திரையே இல்லாமல் இந்தக் கொடி மட்டும் எப்படிப் பத்து மாதம் தங்குகிறது? 1953-லேயே இதைக் கேட்டவர் பீட்டர் மெடாவர். வேறொரு கண்டுபிடிப்புக்காக 1960-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

விடை மரபணுவில் இருக்கிறது. நம் செல்கள் பெரும்பாலானவற்றின் மேல் எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் உண்டு. அவற்றை வைத்துத்தான் நம்மவனா அந்நியனா என்று எதிர்ப்புச் செல்கள் கண்டுபிடிக்கின்றன. நஞ்சுக்கொடியின் வெளிச்செல்களிலோ, ஏ, பி என்ற இரண்டு வகைக்கான மரபணுக்கள் வாயே திறப்பதில்லை. கருப்பைச் சுவருக்குள் புகும் செல்களில், உடம்பில் வேறெங்கும் அரிதான 'ஜி' வகை விழித்துக்கொள்கிறது. எதிர்ப்பு சக்தியை அமர்த்துவது அதன் வேலை. அதை எழுப்பும் டி.என்.ஏ. துண்டு பக்கத்தில்கூட இல்லை, சுமார் 12,000 எழுத்து தள்ளி இருக்கிறது. கிணறு கொல்லையில், மோட்டார் சுவிட்ச் வீட்டில் என்று வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி! 2016-ல் ஹார்வர்டில் ஜாக் ஸ்ட்ரோமிங்கர் குழுவினர், ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். 'ஜி' நின்றுபோனது.

இனிமேல்தான் குடும்ப விவகாரம். 'சி' என்றொரு வகை மூடப்படவில்லை. அதில் ஒரு பங்கு அப்பன் கொடுத்தது. கருப்பையில் உள்ள என்.கே. என்னும் எதிர்ப்புச் செல்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான், தாயின் ரத்தக்குழாயைக் கொடி எவ்வளவு அகலப்படுத்தலாம் என்பதில் கை வைக்கின்றன. அந்தச் செல்களில் உள்ள தாயின் ஏற்பியில் ஒரு ரகமும் பிள்ளையின் 'சி'யில் ஒரு ரகமும் ஜோடி சேர்ந்தால், குழாய் போதிய அளவு அகலாமல், பி.பி. ஏறிச் சிறுநீரில் புரதம் போகிற ஆபத்து கூடுகிறது. 2004-ல் இதைக் காட்டியது கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட் குழு. 'சி'யின் அந்த ரகம் அப்பனிடமிருந்து வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்று 2010-ல் அதே குழு சொன்னது.

பி.பி.க்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், "ஊறுகாயைத் தின்னா, சொன்ன பேச்சு கேட்கலை" என்று மருமகளை மட்டும் கரித்துக்கொட்டுகிற மாமியார்மார்களே, கணக்கில் உங்கள் பிள்ளையின் பங்கும் இருக்கிறது. அடுத்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் பி.பி. பார்க்கப் போகும்போது அவனையும் கூட அனுப்புங்கள். மாடு பிடித்துக் கட்ட ஆள் இல்லை என்றால், அன்று ஒரு நாள் நீங்கள் கட்டுங்கள்.