நம் ஆண்மக்களின் கல்வியும் உள்ளமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இத்தகைய விழாக்களில் பெண்கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். அது பேசப்பட வேண்டியதே. ஆயினும் இன்று நாம் ஆண்பிள்ளைகளைப் பற்றிச் சில கூற எழுந்துள்ளோம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2024ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்நாட்டு மாணவியர் நூற்றுக்கு 94.53 பேர் தேறினர், மாணவர் 88.58 பேரே தேறினர். அவ்வாண்டின் மேல்நிலைத் தேர்வில் மாணவியர் 96.44, மாணவர் 92.37. அதற்கு முந்தைய ஆண்டிலும் இதே நிலைதான். நம் விருதுநகர் மாவட்டமோ தேர்ச்சி விழுக்காட்டில் முன்வரிசையில் நிற்பது. 2018இலும் 2023இலும் மேல்நிலைத் தேர்வில் மாநிலத்தின் முதலிடத்தையே பெற்றது. அப்பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுத வந்தவர்களைக் கொண்டு போடப்படும் கணக்கு. தேர்வுக்கூடத்திற்கே வராதவன் அக்கணக்கில் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்பதை நம் தெருவார் அனைவரும் அறிவர்.

இந்தப் பூமி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசல் காடு ஒரு படி தவசமும் தராது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் வந்தன. ஊர் குட்டி ஜப்பான் என்று பெயர்பெற்றது. அத்தொழில் பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைத்தது. அதனை மறுப்பது நன்றிகேடு. அதே தொழில் நம் குழந்தைகளின் விரல்களைக் கொண்டு குச்சி அடுக்கியது, பெட்டி ஒட்டியது, திரி வெட்டியது. விடியுமுன் ஊர் ஊராகப் பேருந்து வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிச் சென்ற காலத்தைக் கண்ட பெரியோர் இவ்வவையிலும் இருக்கின்றனர். 1976ஆம் ஆண்டில் அத்தகைய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் மாண்ட பின்னரே அரசு விசாரிக்கத் தொடங்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சலம் பென்னுர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் 1990இல் வெளிவந்து, இங்கு நடப்பதை உலகுக்குக் காட்டியது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சட்டத்திற்கு மாறாக வேலைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இவற்றால் பலன் இல்லாமற் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஆலைக்குச் செல்லும் காட்சி இன்று அரிது. இன்றைய சிக்கல் பதினைந்து, பதினாறு வயதினரிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரை வெடிபொருள் வேலையில் அமர்த்தலாகாது என்று தெளிவாகவே சொல்கிறது. எனினும் மீசை அரும்பிய பையனின் வயதைக் கேட்பார் யார்?

நாம் பல ஆண்டுகளாகக் கண்டுவரும் ஒன்றைச் சொல்கிறோம். பையன் படிப்பை விடுவது பள்ளி நடக்கும் நாளில் அன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளுக்கும் ஜூன் மாதத்துப் பள்ளித் திறப்புக்கும் இடையில்தான் அவன் நழுவுகிறான். தேர்வு முடிந்தது, வீட்டில் சும்மா இருக்கிறான், 'கைச்செலவுக்கு ஆகுமே' என்று மாமனோ சித்தப்பனோ அழைத்துப் போகிறார். முதல் வாரச் சம்பளம் கைக்கு வருகிறது. தாய்க்கு நூறு ரூபாய் கொடுக்கிறான். அவள் கண் கலங்குகிறாள். அந்தக் கண்ணீர் மெய்யானது, ஆனால் அதன் விலை பெரிது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் அவனை மதித்திருக்கிறார்! கணக்குப் பாடத்தில் முப்பத்தைந்து வாங்கத் திணறிய பையனுக்குக் கூலிக் கணக்கில் பிழையே வருவதில்லை. இதற்குள் தந்தை தீபாவளிக்கு முன் வாங்கிய முன்பணம் ஒன்று குறுக்கே நிற்கும். தேர்வு முடிவு வருகையில் ஒரு பாடத்தில் தவறியிருந்தால், 'நமக்குப் படிப்பு ஏறாது' என்ற தீர்ப்பு வீட்டிலேயே எழுதப்பட்டுவிடும். அவ்வாண்டே துணைத்தேர்வு எழுதலாம், எழுதி மேல்வகுப்பிலும் சேரலாம் என்பதை அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இதில் பெற்றோரைப் பேராசைக்காரர் என்று ஏசுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. பட்டினியை அறியாதவர்களே அவ்வாறு பேசுவர்.

வீட்டு வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்பிள்ளை தண்ணீர் எடுக்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், அதன் பின்னர் படிக்கிறாள். அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. ஆண்பிள்ளையை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. இதைச் சலுகை என்று நினைக்கிறோம். நம் கருத்தில் இது ஒருவகைக் கைவிடல். சாப்பிட்ட தட்டைக் கழுவப் பழகாத பையன், இரவு எட்டு மணிக்கு எங்கே இருக்கிறான் என்று கேட்கப்படாத பையன், தன்னைப் பற்றி எவருக்கும் அக்கறை இல்லை என்றே உள்ளுக்குள் முடிவு செய்கிறான். அதன்பின் டாஸ்மாக் கடையருகே கூடும் கூட்டமே அவனுக்கு உறவாகிறது. தந்தையும் அங்கேதான் இருக்கிறார் என்றால் யாரிடம் முறையிடுவது?

உள்ளத்தைப் பற்றிய பேச்சு நம்மிடையே குறைவு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொரு விபத்தின் பின்னும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, அதிகாரிகள் வருகின்றனர், மாலை சார்த்தப்படுகிறது. தந்தையை இழந்த பதினான்கு வயதுப் பையனின் தோளில் உறவினர் ஒவ்வொருவரும் கைவைத்து, 'இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அழக்கூடாது' என்கின்றனர். ஆறுதல் என்று எண்ணியே சொல்கின்றனர். ஆனால் அச்சொல் அவன் தலையில் ஒரு குடும்பத்தையே ஏற்றிவைத்து, அழும் உரிமையையும் பறித்துவிடுகிறது. பின்னர் அவன் கோபித்தால் திமிர் என்கிறோம். பேசாதிருந்தால் பொறுப்பு வந்துவிட்டது என்று பாராட்டுகிறோம். இரண்டுமே ஆறாத துக்கமாக இருத்தல் கூடும். பள்ளியில் வெடிச்சத்தம் கேட்டால் நடுங்கும் பிள்ளையைக் கேலி செய்யும் மாணவர்களையும் கண்டிருக்கிறோம். அவனைக் கண்டு நகைப்பவன் வீட்டிலும் மருந்து அறைக்குச் செல்பவர் ஒருவர் இருப்பார்!

மற்றொரு காயம் சாதியால் வருவது. 2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், நம் இனத்து மாணவன் ஒருவனை உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே என்பதுதான் நம்மை உறங்கவிடாத செய்தி. அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. கையில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்குதல் முதலிய பரிந்துரைகள் அதில் உள்ளன. வெட்டுண்ட அந்த மாணவன் அந்த ஆண்டே மேல்நிலைத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணுடன் தேறினான். இளைஞர்களே, உங்களில் சிலர் கைகளிலும் வண்ணக் கயிறு இருப்பதைக் காண்கிறோம். அவர்கள் கட்டினால் நாங்களும் கட்டுவோம் என்கிறீர்கள். உங்கள் சினம் நியாயமானது, கயிறு வேண்டியதில்லை. வகுப்பில் இழிவாகப் பேசப்பட்டால் அதை எழுத்தில் எழுதி, நாளும் நேரமும் குறித்து, பெரியோர் ஒருவருடன் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். இதற்கு அரிவாளைவிடத் துணிவு வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்டமேதையாகவே நினைக்கிறோம். அவரும் ஒரு காலத்தில் பையனாக இருந்தவர். வகுப்பில் தனியே சாக்கில் அமர்ந்தவர். ஏவலர் வந்து மேலிருந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதவர். அந்தப் பிள்ளையை உடையாமல் காத்தவர் எவர்? தந்தை ராம்ஜி சக்பால். பம்பாய் பரேலில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் குடியிருந்தது. மகன் மாலையிலேயே உறங்கச் செல்வான். தந்தை நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து இரண்டு மணியளவில் அவனை எழுப்பிப் படிக்கவைப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது மணமாகிச் சென்ற மகள்களின் நகையை இரவல் பெற்று அடகு வைத்தார். மற்றொருவர் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். அவருக்கு அப்பையன் உறவும் இல்லை, சாதியும் இல்லை. பூங்காவில் அமர்ந்து நாள்தோறும் படிக்கும் சிறுவனைக் கண்டு, நீ யார் என்று கேட்டார்; அவ்வளவே. 1907இல் அவன் மெட்ரிக்குலேஷன் தேறியபோது தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னரின் உதவி கிடைக்கவும் வழிசெய்தார். விழித்திருந்த ஒரு தந்தை, யார் என்று கேட்ட ஓர் ஆசிரியர், அமர்ந்து படிக்க ஓர் இடம். நம் ஊர்ப் பையனுக்கு இம்மூன்றில் எது கிடைக்கிறது?

தமிழ்நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்கு உண்டியும் உறையுளும் எழுத்தும் சேர்த்தே கொடுத்தார். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார். இதே விருதுநகரில் பிறந்து, தம் பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட நேர்ந்த காமராசரும் 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்.

உதவிகள் இன்று இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகள் உண்டு. மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதலே உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி சேரும் மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மேற்படிப்பு உதவித்தொகை பெறச் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றும் மே மாதத்திலேயே கையில் இருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்திற்குக் கூலியை விட்டு நான்கு நாள் அலைய முடியாமல் உதவியை இழந்த குடும்பங்கள் உண்டு. வேலை கிடைத்த நம் இளைஞர்கள் ஒரு நாள் விடுப்பெடுத்து உடன் சென்றால் தீரும் காரியம் இது.

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாள் முதல் பதினோராம் வகுப்பில் அமரும் நாள் வரை, ஒரு பையனுக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பேற்க வேண்டும். அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. அவ்வப்போது வீட்டுக்குச் சென்று, சாப்பிட்டாயா, என்ன செய்தாய் என்று கேட்டால் போதும். முடிவு வரும் நாளில் அவன் அருகில் இருக்க வேண்டும். தவறியவனைத் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். உள்ளம் தளர்ந்து தவறான எண்ணம் கொண்டவனாகத் தோன்றினால் தனியே விடாமல், 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரோடு பேசவைக்க வேண்டும். வேலைக்கு அழைத்துப் போக வருகின்ற மாமனிடம் பேசுவதும் அப்பெரியவரின் பொறுப்பே. முன்பணக் கடனில் சிக்கிய வீடுகளுக்கு, அந்த இரண்டு மாதத்திற்கு மட்டும் வட்டியில்லாக் கைமாற்று அளிக்க வெள்ளிவிழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கலாமா என்பதைப் பொதுக்குழு இன்று மாலை ஆராயவிருக்கிறது. கட்டடத்திற்கே முழுவதும் வேண்டும் என்று எண்ணுவோரும் நம்முள் உண்டு. அவர்கள் கருத்தையும் கேட்போம். நம் வாக்கு கைமாற்று நிதிக்கே.

இவ்வாண்டு தேர்வு எழுதும் பையன்களின் பெயர்கள் தெருவாரியாக ஓர் ஏட்டில் எழுதப்பட்டு, வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் வெறுமையாக உள்ளது. உணவுக்குச் செல்லுமுன் அதில் தங்கள் பெயரை எழுதிச் செல்லுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.