தரங்கம்பாடி: அமைதியா இருக்கிற ஊர்

இந்த வாரம் மைக்கைத் தூக்கிக்கிட்டு தரங்கம்பாடி போயிட்டு வந்தேன். தஞ்சாவூர்ல பஸ் ஏறினா கும்பகோணம், மயிலாடுதுறைன்னு வழி முழுக்க வயல். 1792ல கட்டின நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள்ள வந்ததும் ஹார்ன் சத்தம் அடங்கிடுது. வீதி முடியுற இடத்துல கடல். அதைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை.

டேனிஷ்காரங்க வந்தது மிளகுக்காக. 1620ல தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினாங்க. கீழ்த்தளத்துல கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்துல கவர்னர் குடியிருப்பு. ஆபீஸ், குடோன், வீடு, ஜெயில் எல்லாமே ஒரே கட்டடம்! இப்போ தொல்லியல் துறையோட அருங்காட்சியகம்.

சரி, இந்த அமைதி எப்படி வந்துச்சு? 1845ல செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஊரை ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டாங்க. 1861ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரமும் அந்தப் பக்கம் போச்சு. மயிலாடுதுறையிலிருந்து இங்க ஓடின ரயிலும் 1986ல நின்னுடுச்சு. எங்க தொழில்ல யாரும் பயன்படுத்தாத சர்வரை அணைச்சிடுவோம். இந்த ஊரை யாரும் அணைக்கல, மறந்துட்டாங்க. இடிச்சுக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லாததால பழைய வீதி தப்பிச்சது.

கோட்டை மேல நின்னு அலைச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணேன். "என்னா அமைதி!"ன்னு மைக்லயும் சொன்னேன்.

அப்புறம் கரையோரமா மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்தேன். 700 வருஷம் தாண்டின பாண்டியர் காலக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிடுச்சு. மிச்சத்தைக் காப்பாத்தக் கரையில கருங்கல் போட்டிருக்காங்க. பக்கத்துல மீன் வித்துக்கிட்டிருந்த ஒரு அக்காகிட்ட, "ஊரு ரொம்ப அமைதியா இருக்குல்லக்கா"ன்னேன்.

"உங்களுக்கு அமைதி தம்பி. சுனாமிக்கு அப்புறம் ராத்திரி அலை கொஞ்சம் கூடுதலா அடிச்சாலும் எங்களுக்குத் தூக்கம் வராது"ன்னாங்க.

2004 டிசம்பர் 26. இந்தக் கரையோட மீனவர் தெருக்கள் அன்னைக்கு நிறைய பேரை இழந்துச்சு. எனக்கு அந்த நேரத்துல அது ஞாபகத்துக்கே வரல.

இந்த எபிசோட் ஆரம்பத்துல நீங்க கேட்டது அந்த அலைச் சத்தம்தான். அதுமேல நான் பேசினதை எடிட்ல வெட்டிட்டேன்.

தரங்கம்பாடி போனா கோட்டையோட திரும்பிடாதீங்க. காலையில படகு வர்ற நேரத்துக்குக் கரைக்கும் போங்க. அந்த ஊர் அப்போ அமைதியா இருக்காது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.