நோயாளி நடத்திய பாடம்

(போத்தனூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உளப்பகுப்பாய்வு என்றால் பிராய்ட் பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பிராய்டுக்குச் சொல்லிக் கொடுத்தது யாருங்க? நோயாளிகள். அதிலும் பெண்கள்.

வியன்னாவில் 1880 முதல் 1882 வரை டாக்டர் பிராயரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு பெண், மனசில் அடைந்து கிடந்ததைப் பேசிப் பேசி இறக்கினார். ‘பேச்சு வைத்தியம்’ என்று அதற்குப் பேர் வைத்ததும் அவர்தான். 1895-இல் பிராயரும் பிராய்டும் போட்ட புத்தகத்தில் அவர் வெறும் ‘அன்னா ஓ.’ நிஜப்பேர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர். அதே புத்தகத்தில் இன்னொரு பெண், கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, என்னைச் சொல்ல விடுங்க என்று பிராய்டையே அதட்டுகிறார். டாக்டர் வாயை மூடிக் கேட்கப் படித்தது இப்படித்தான்.

1920-இல் பெர்லினில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். முடிந்ததைக் கொடுக்கலாம், முடியாதவருக்கு இலவசம். புதிதாகப் படிக்க வந்தவர்கள் மூத்தவர் மேற்பார்வையில் கைபழகியது அங்கே வந்தவர்களிடம். காசில்லாதவர் தன் பேச்சைக் கட்டணமாகக் கட்டினார்.

நம்ம நாட்டில் 1922-இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார். அவருக்குப் பயிற்சி தர இங்கே முன்னோடி யாருமில்லை. நோயாளிகள்தான் பாடம். ஆண்குறியை இழந்துவிடுவோம் என்கிற பயம் ஐரோப்பியரிடம் தெரிகிற அளவுக்குத் தன் இந்திய நோயாளிகளிடம் தெரியவில்லை என்று 1929-இல் பிராய்டுக்கு எழுதினார். வியன்னாவின் தத்துவத்தைக் கல்கத்தாவின் நோயாளி கேள்வி கேட்கிறார். ஆனால் தத்துவத்தின் மேல் டாக்டர் பேர்தான் நிற்கிறது. நோயாளியின் பேரை மறைப்பது அவருக்குப் பாதுகாப்பு, ஒத்துக்கிறேன். அவர் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்து மறைக்கணுமா?

நான் பேங்க் கிளார்க். படிவத்தில் கட்டம் இல்லாததை எந்த மேசையும் கேட்காது என்பதைத் தினமும் பார்க்கிறேன். சேரியிலிருந்து போகிறவர் டீக்கடையின் தனி டம்ளரைக் கனவில் கண்டதாகச் சொன்னால், ஊர்த்தெருக் காது என்ன எழுதும்? ‘தாழ்வு மனப்பான்மை’ என்று எழுதும். டம்ளரைத் தனியாக வைத்தவனுக்கு என்ன நோய் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காதைப் பழக்குவது நோயாளி என்றால், சேரியின் பேச்சைக் கேட்காத காது பாதி படித்த காது. நம்ம பிள்ளைகளும் அந்த நாற்காலியில் உட்காரணும். உட்கார்ந்த பிறகு, எதிரே படுத்திருப்பவர் சொன்னதை எழுதும்போது, இது அவர் கற்றுக்கொடுத்தது என்றும் சேர்த்து எழுதணும்.